அயலில் ஒருவரும் இல்லை

தம்பி,

நீ காலி நகரத்துக்குச் சுகமாய்ப் போய்ச் சேர்ந்ததாக எழுதிய கடிதம் செவ்வாய்க்கிழமை கிடைத்தது. தபால் கந்தோரில் வேலைக்குப் போனவனின் கடிதம் என்பதால் நம்முடைய தபால்காரருக்கும் அதில் ஒரு பங்கு பெருமை. படலையடியில் நின்று நான் வரும்வரை சைக்கிள் மணியை அடித்துக்கொண்டே இருந்தார். பதில் எழுதவென்று கொப்பியை எடுத்து இன்றைக்கு நாலு நாள். சுகசெய்தி மட்டும் எழுதுவதானால் அரைப் பக்கம் போதும்: சிவப்பி கன்று போட்டிருக்கிறது, வயலில் இரண்டாம் களை எடுத்தாயிற்று, எனக்கு முழங்கால் வலி கூடவும் இல்லை குறையவும் இல்லை. நான் எழுத வந்தது அது அல்ல. நீ ரயில் ஏறிய அன்று கிளிநொச்சி ஸ்டேசனில் நடந்ததைப் பற்றி எழுத வேண்டும். இதை நீ ஒளித்து வைக்கவும் வேண்டாம். நாளைக்கு உனக்கு ஒருத்தி வருவாள், அவளுக்கும் காட்டு. என் கையெழுத்து விளங்காத இடத்தில் நீயே வாசித்துச் சொல்.

அன்றைக்கு அந்தப் பிள்ளைகள் பராமரிப்புக் கந்தோர் ஐயா குடையை ஊன்றிக்கொண்டு நம்மிடம் நடந்து வந்தார். பென்சன் எடுத்து, தலை முழுக்க நரைத்து, ஆள் பாதியாகிவிட்டார். ஆனாலும் எனக்கு உடனே தெரிந்தது. உனக்கும் தெரிந்தது. "தம்பி, பெரிய ஆளாய் வந்திட்டீர்" என்று சொல்லி அவர் கையை நீட்டினார். நீ முகத்தைத் திருப்பிக்கொண்டு பெட்டியில் ஏறிவிட்டாய். பிறகு ஜன்னலால் எட்டி எனக்குச் சொன்னாய்: "உந்த மனுசன்தானே அம்மா, பக்கத்திலை திரேசா மாமி இருக்கத்தக்கதாய் அயலிலை ஒருத்தரும் இல்லையெண்டு கோட்டிலை நீதவானுக்குப் பொய் எழுதினவர். அவரோடை எனக்கு என்ன கதை? நீங்கள் அழாதேங்கோ. உங்களிலை ஒரு பிழையும் இல்லை." ரயில் போய்விட்டது. அவர் இன்னும் அதே இடத்தில்தான் நின்றார். நான் ஏதாவது சொல்வேன் என்று பார்த்தாரோ என்னவோ. கடைசியில், "இனித் தனியவோ அம்மா இருக்கப்போறியள்?" என்று மட்டும் கேட்டார். நான் ஓம் என்றேன். அவர் போய்விட்டார். பஸ்ஸில் திரும்பி வந்த வழி முழுக்க, உங்களில் ஒரு பிழையும் இல்லை என்று நீ சொன்ன அந்தச் சொல்தான் என்னைத் தின்றது. பதின்மூன்று வருஷமாக அந்த மனுசன்மேல் நீ வைத்திருக்கிற கோபம் எனக்கு வரவேண்டியது, தம்பி. நான் அதை அவருடைய தலையில் இருக்க விட்டுவிட்டேன்.

நாங்கள் யாழ்ப்பாணத்திலிருந்து இந்தக் குடியேற்றக் கொலனிக்கு வந்தபோது உனக்கு நாலு வயது. அரசாங்கம் காடு வெட்டிய காணியும் இரண்டு அறை வீடும் தந்தது. அப்பா இரண்டு வருஷக் காலபோக நெல்தான் அறுத்தார். அடுத்த மாரியில் காய்ச்சல் வந்து எட்டாம் நாள் போய்விட்டார். ஊரிலிருந்து வந்த சொந்தம் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடியும்வரை இருந்தது. போகும்போது, காணியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு எங்களோடு வா என்றார்கள். நான் மாட்டேன் என்றேன். அண்ணன்மாரின் குசினியில் ஒரு மூலையில் இருந்து தேங்காய் துருவ எனக்கு மனமில்லை. பயிர் செய்யாமல் விட்டால் காணி கையை விட்டுப் போய்விடும், அதனால் மண்வெட்டியை நானே தூக்கினேன். அந்தப் பிடிவாதத்தைப் பற்றி எனக்கு இன்றைக்கும் வெட்கம் இல்லை. அந்தப் பிடிவாதத்தோடு சேர்ந்து ஊரிலிருந்து வந்த இன்னொன்று இருந்தது, அதைப் பற்றித்தான் வெட்கம்.

பக்கத்துக் காணி திரேசாவினுடையது. முல்லைத்தீவுக் கடற்கரையில் பிறந்தவள். புருசன் கடலை விட்டுவிட்டுக் காணிக்கு மனுப் போட்டவன். ஐந்து பிள்ளைகள். அவர்களை நான் கடற்கரைச் சனம் என்பேன், வேதக்காரர் என்பேன், அவள் முகத்துக்கு நேரே திரேசா என்று சிரித்துப் பேசுவேன். ஒரே வாய்க்காலில் தண்ணீர் எடுத்தோம். அவள் வயல் வரம்பு உடைந்தால் நான் கட்டுவேன், என் வரம்பு உடைந்தால் அவள் கட்டுவாள். ஆனால் அவள் வீட்டுச் சட்டியில் வெந்தது எதையும் நான் வாயில் வைத்ததில்லை. நத்தார் பெருநாளுக்கு அவள் கொண்டுவரும் பலகாரத்தை இரண்டு கையாலும் வாங்கி, அவள் படலை தாண்டியதும் மாட்டுத் தொட்டியில் போடுவேன். என் தாய் அப்படிச் செய்தாள், நானும் செய்தேன். ஏன் என்று கேட்க எனக்குத் தோன்றியதே இல்லை.

இப்போது பூட்டின கதைக்கு வருகிறேன். நான் வயலுக்குப் போகும்போது உன்னை வீட்டுக்குள் வைத்துக் கதவை வெளியால் பூட்டிவிட்டுப் போவேன் என்பது உனக்கு நினைவிருக்கும். யானை வரும் என்று உனக்குச் சொன்னேன், கேட்டவர்களுக்கெல்லாம் அதையே சொன்னேன். யானை வந்ததும் உண்மைதான். ஆனால் திரேசாவின் ஐந்து பிள்ளைகளும் பகல் முழுக்க அந்த முற்றத்தில்தான் விளையாடினார்கள், அவர்களை எந்த யானையும் தூக்கிக்கொண்டு போகவில்லை. உன்னை அங்கே விட்டால் நீ அங்கே சாப்பிடுவாய். அதுதான் காரணம். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பூட்டுவேன். சில நாள் வேலை கடுமையாக இருந்தால் பள்ளிக்கூடத்துக்கும் அனுப்பாமல் காலையிலேயே பூட்டுவேன். மத்தியானத்துக்கு வைத்துவிட்டுப் போன சோறு பல நாள் அப்படியே கிடக்கும். பிள்ளைக்கு வயிற்றில் பூச்சி என்று நினைத்து உனக்குப் பேதி மருந்து கொடுத்தேன். பாவி நான், இரண்டு தரம் கொடுத்தேன்.

நீ பள்ளிக்கூடம் வராத நாட்கள் கூடியதால் தலைமை வாத்தியார் பிள்ளைகள் பராமரிப்புக் கந்தோருக்கு எழுதியிருக்கிறார். அந்த ஐயா ஒரு நாள் பத்து மணிபோல் சைக்கிளில் வந்து, பூட்டிய வீட்டுக்குள் நீ காய்ச்சலில் அனத்துவதை ஜன்னலால் கண்டார். ஆள் அனுப்பி என்னை வயலிலிருந்து கூப்பிட்டார். நான் சேற்றுக் காலோடு ஓடிவந்து கதவைத் திறந்தேன். அவர் சத்தம் போடவில்லை, அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரமாக இருந்தது. "அம்மா, நீங்கள் வேலைக்குப் போகத்தான் வேணும், எனக்கு விளங்குது. பக்கத்து வீட்டிலை பிள்ளையை விடலாமே?" என்று கேட்டார். அதற்கு நான் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "அந்த வீட்டிலை என்ரை பிள்ளை கை நனைக்காது. அதிலும் பாக்க நீங்களே அவனைக் கொண்டுபோறது நல்லம்."

அவர் உன் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். பிறகு காணிக் கந்தோர் ஜீப்பைப் பிடித்து உன்னை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். காய்ச்சல் விட்டதும் பிள்ளைகள் இல்லத்தில் சேர்த்தார்கள். அவர் உன்னைத் தூக்கிக்கொண்டு போனதும் நீ அவர் தோளில் கடித்ததும் உனக்கு நினைவிருக்கிறது. நான் சொன்னது உனக்குக் கேட்கவில்லை, அவர் தூக்கும்வரை நீ காய்ச்சல் மயக்கத்தில் கிடந்தாய்.

எந்தக் கந்தோரும் தன்பாட்டில் ஒரு பிள்ளையைத் தாயிடமிருந்து பிரித்து வைத்துவிட முடியாது, கோடு பார்த்துத் தீர்ப்புச் சொல்ல வேண்டும் என்பது அன்றைக்கு எனக்குத் தெரியாது. வவுனியாக் கோட்டுக்கு வரச்சொல்லிக் கடதாசி வந்தபோது என்னைப் பிடித்து மறியலில் போடப்போகிறார்கள் என்று நினைத்தேன். போய்ப் பார்த்தால், நீதவான் கேள்வி கேட்டது என்னை அல்ல, அந்த ஐயாவை. அவருடைய அறிக்கை இங்கிலீசில் இருந்தது, கோட்டு முதலியார் அதைத் தமிழில் சொன்னார். தாய் நல்ல பெண், உழைப்பாளி, பிள்ளைமேல் பாசம் உள்ளவள் என்று எழுதியிருந்தார். வேலை நேரத்தில் பிள்ளையைப் பார்க்க அயலில் ஒருவரும் இல்லை என்றும் எழுதியிருந்தார். நீதவான் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "இது கொலனி. காணிக்கு ஒரு வீடு. பக்கத்துக் காணி வெறுங்காணியோ?" என்று கேட்டார். ஐயா, "ஆக்கள் இருக்கினம். பொருத்தமான ஆள் இல்லை எண்ட கருத்திலை எழுதினனான்" என்றார். "பொருத்தமில்லை எண்டு தீர்மானிச்சது ஆர்?" அவர் ஒரே ஒரு தரம் என் பக்கம் பார்த்தார். "நான்தான்" என்றார்.

அப்போது நான் எழுந்து ஒரு சொல் சொல்லியிருக்கலாம். கோடு பெரிய இடம், எனக்குப் பயம் என்று உனக்குச் சாக்குச் சொல்லலாம். பயம் இல்லை. வாய் வரவில்லை, அவ்வளவுதான். நீதவான் மூன்று மாதம் தவணை போட்டார். அதுவரைக்கும் நீ இல்லத்தில் இருக்க, அயலை மறுபடி விசாரித்துப் புது அறிக்கை எழுதிக் கொண்டுவரும்படி ஐயாவுக்குச் சொன்னார்.

அந்த மூன்று மாதமும் நான் இருந்த இருப்பை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. இப்போதும் இந்த வீட்டில் தனியாகத்தான் இருக்கிறேன், ஆனால் இது பிள்ளை வளர்ந்து வேலைக்குப் போன தனிமை, நாலு பேருக்குச் சொல்லிக்கொள்ளலாம். அது அப்படி இல்லை. விளக்கு வைத்ததும் குசினியில் இரண்டு பேருக்கு உலை வைத்துவிடுவேன், பிறகு அரிசியைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். உன்னுடைய காற்சட்டையைத் தோய்த்துக் காயப்போட்டு, மடித்து வைத்து, இரண்டு நாள் கழித்துத் திரும்பவும் தோய்ப்பேன். மாதத்துக்கு ஒரு தரம் இல்லத்துக்கு வந்து உன்னைப் பார்ப்பேன். நீ மெலியவில்லை, கொஞ்சம் தேறிக்கூட இருந்தாய். நீளமான ஒரு வாங்கில் முப்பது பிள்ளைகளோடு இருந்து தகரக் கோப்பையில் சாப்பிட்டாய். அங்கே சமைத்தது யார், பரிமாறியது யார், பக்கத்தில் இருந்த பிள்ளை எந்த வீட்டுப் பிள்ளை, ஒன்றும் நான் கேட்கவில்லை. கேட்டால் பதில் வந்துவிடும். வேலிக்கு அப்பால் ஆறு பாகத் தூரத்தில் இருந்த வீட்டில் சாப்பிடக் கூடாது, அறுபது மைலுக்கு அப்பால் யார் கையாலும் சாப்பிடலாம். இப்படியும் ஒரு மூளை எனக்கு இருந்தது, தம்பி.

ஐயா இரண்டாம் தரமும் வந்தார். முற்றத்தில் சைக்கிளைப் பிடித்துக்கொண்டே நின்றார். "ஒரு சொல்லுச் சொல்லுங்கோ அம்மா, நாளைக்கே பிள்ளையைக் கொண்டுவந்து விடுறதுக்கு எழுதுறன்" என்று கெஞ்சாத குறையாகக் கேட்டார். நான், ஊரிலிருந்து என் அக்கா வந்து நிற்பா என்றேன். அக்கா வரமாட்டா என்பது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். கடைசியில் நானே கேட்டேன், நான் சொன்னதை ஏன் நீங்கள் அறிக்கையில் எழுதவில்லை என்று. "எழுதினால் கோட்டிலை வாசிப்பினம். அந்த மனுசி ஒரு நாள் கேள்விப்படும். பிறகு நீங்கள் ரெண்டு பேரும் எப்பிடி ஒரு வாய்க்காலிலை தண்ணி எடுப்பியள்?" என்றார். நான் உள்ளே போய்விட்டேன். அவருக்கு ஒரு மிடறு தண்ணீர் கொடுக்கவில்லை.

மூன்று மாதம் கழிந்தது. கந்தோர் ஒரு முடிவோடு வந்தது: பதினாறு வயதுவரை நீ இல்லத்திலேயே இருக்கட்டும், அங்கே படிப்பும் நன்றாக இருக்கிறது என்று மேலதிகாரி கையெழுத்து வைத்திருந்தார். ஒன்பது வருஷம். முதலியார் அதைத் தமிழில் சொன்னபோது எனக்குக் காது அடைத்துவிட்டது. நீதவான் ஓம் என்று சொல்லிவிட்டு அடுத்த வழக்கைக் கூப்பிட்டிருக்கலாம், வெளியில் அத்தனை சனம் காத்துக்கொண்டு நின்றது. அவர் சொல்லவில்லை. புது அறிக்கையை எடுத்து அந்த ஒரு வரியைத் தேடினார். அது அப்படியே இருந்தது. உடனே உன்னைக் கிட்டக் கூப்பிட்டார். மேசைக்கு மேலால் உன் தலை தெரியவில்லை என்று தன்னுடைய பக்கத்தில் ஒரு கதிரை போடச்சொன்னார். "ஆரோடை இருக்க விருப்பம்?" என்று கேட்டார். நீ, "அம்மாவோடை" என்றாய். "அம்மா வயலுக்குப் போனால்?" நீ கொஞ்சமும் யோசிக்கவில்லை. "திரேசா மாமி வீட்டிலை. மாமி எனக்கு ஒவ்வொரு நாளும் ஜன்னலாலை புட்டுத் தாறவா. மீனும் வைச்சு."

நீ சொன்னது உனக்கு நினைவிருக்கிறது. என் முகம் எப்படி இருந்ததென்று நீ பார்க்கவில்லை. நான் பூட்டிக் காத்த சாதித்தனம் ஜன்னல் கம்பிக்குள்ளால் வாழையிலையில் சுற்றி ஒவ்வொரு நாளும் உன் வயிற்றுக்குள் போய்க்கொண்டிருந்திருக்கிறது. அதற்குத்தான் நான் பேதி மருந்து கொடுத்திருக்கிறேன். இன்றைக்கு எழுதும்போது சிரிப்பு வருகிறது. அன்றைக்குக் கோட்டில் எனக்கு முதலில் வந்தது கோபம். அதையும் ஒளிக்காமல் எழுதிவிடுகிறேன்.

நீதவான் ஐயாவைப் பார்த்து, "ஏழு வயசுப் பிள்ளைக்குத் தெரிஞ்சது உமக்குத் தெரியேல்லை. அந்த வீட்டுக்கு ஒருக்காலாவது போய்க் கேட்டனீரோ?" என்றார். கோடு நிறையச் சனம். ஐயா, "இல்லை. என்னிலை பிழைதான்" என்றார். நீதவான் என் பக்கம் திரும்பி, "நீர் ஏன் கேக்கேல்லை?" என்றார். நான், "எனக்கு அந்த யோசினை வரேல்லை ஐயா" என்றேன். அவர் நம்பினார். ஏழைப் பெண், படிப்பு இல்லாதவள் என்று நினைத்திருப்பார். நான் எட்டாம் வகுப்பு. நீதவான் கூப்பிடச் சொன்னபடி அடுத்த கிழமை திரேசா கைப்பிள்ளையையும் தூக்கிக்கொண்டு, பூசைக்குப் போகும் சீலையை உடுத்துக்கொண்டு என்னோடு வவுனியாவுக்கு வந்தாள். பிள்ளையைப் பார்க்கச் சம்மதமா என்று கேட்டதற்கு, "கேட்டிருந்தால் அண்டைக்கே ஓம் எண்டிருப்பன், ஐயா. என்ரை அஞ்சோடை ஆறு" என்றாள். கோட்டில் இருந்த எல்லாரும் ஐயாவைத் திரும்பிப் பார்த்தார்கள். அவர் தன்னுடைய சப்பாத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். நீ என்னோடு வீட்டுக்கு வந்தாய். வருஷம் முடியும்வரை மூன்று மாதத்துக்கு ஒரு தரம் உன் சுகத்தை எழுதிக் கோட்டுக்குக் காட்ட வேண்டுமென்று நீதவான் கட்டளை போட்டார். ஐயா அப்படியே வந்து வந்து பார்த்து எழுதினார். அடுத்த வருஷம் அவரை வேறு இடத்துக்கு மாற்றினார்கள். இந்த விஷயத்தாலா என்று எனக்குத் தெரியாது. கேட்டு அறியத் துணிவும் வரவில்லை.

பிறகு நீ வளர்ந்தது உனக்கே தெரியும். திரேசாவின் குசினியில்தான் பாதி வளர்ந்தாய். அந்த அறிக்கையில் என்ன எழுதியிருந்தது என்று பெரியவனானதும் யாரோ உனக்குச் சொன்னார்கள், நீ ஐயாவை வைதாய், நான் அடுப்பை ஊதிக்கொண்டு பேசாமல் இருந்தேன். சொல்வதற்கு ஒவ்வொரு வருஷமும் ஒரு நாள் பார்ப்பேன். பள்ளிக்கூடச் சோதனை முடியட்டும் என்பேன், வேலை கிடைக்கட்டும் என்பேன். உண்மையைச் சொன்னால் நீ என்னை விட்டுப் போய்விடுவாய் என்ற பயம்தான். இப்போது நீ எப்படியும் போய்விட்டாய், இனி ஒளித்து என்ன.

புத்தி சொல்ல எனக்குத் தகுதி இல்லை, ஆனாலும் பெற்றவள் சொல்லாமல் விடமாட்டாள். போன இடத்தில் யார் சாப்பிடக் கூப்பிட்டாலும் போய்ச் சாப்பிடு, சிங்களவர் வீடானாலும் முஸ்லிம் வீடானாலும். நாளைக்கு உன் மேசைக்கும் அறிக்கைகள் வரும். ஒரு வரி பொய்யாகத் தெரிந்தால், எழுதினவனைத் திட்டுவதற்கு முன் அவன் யாருக்காக அப்படி எழுதினான் என்று ஒரு தரம் விசாரி. அந்த நீதவான் எவ்வளவு கெட்டிக்காரர், அவர்கூட அதை விசாரிக்கவில்லை. ஐயாவின் விலாசத்தைக் கந்தோரில் கேட்டு வாங்கினேன், இந்தக் கடிதத்தோடு தனித்தாளில் இருக்கிறது. என்ன எழுதுவதென்று நான் சொல்லித் தரவேண்டியதில்லை.

இதையெல்லாம் உனக்கு எழுதிவிட்டு அவளுக்குச் சொல்லாமல் இருப்பது சரியில்லை என்று, நேற்றுப் பின்னேரம் வேலியைக் கடந்து போனேன். திரேசாவும் இப்போது தனிதான். பிள்ளைகள் ஆளுக்கொரு திக்கில், புருசன் போய் இரண்டு வருஷம். முற்றத்தில் இருந்து மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். நான் நின்றபடியே சொல்லத் தொடங்கினேன். ஐயா வந்த நாளில் நான் சொன்ன சொல்லுக்கு வந்ததும் சுற்றி வளைத்தேன். அவள் மீனைக் கழுவிக்கொண்டே, "கை நனைக்காது எண்டு சொன்னியள்" என்றாள். "நான் அண்டைக்கு வேலியடியிலைதான் நிண்டனான், அக்கா. தம்பிக்குக் காய்ச்சல் எண்டு கஞ்சி கொண்டுவந்தனான்."

நான் அப்படியே மண்ணில் இருந்துவிட்டேன். தெரிந்துகொண்டா கோட்டுக்கு வந்தாய், தெரிந்துகொண்டா இவ்வளவு காலமும் அவனுக்குச் சோறு போட்டாய் என்று கேட்டேன். "அவன் சின்னப் பிள்ளைதானே" என்றாள். என்னை மன்னித்தாள் என்று உனக்கு எழுத ஆசைதான், ஆனால் அவள் அப்படிச் சொல்லவில்லை. இருட்டும் நேரம் நான் எழும்பப் பார்க்க, சோறு போடட்டா என்று கேட்டாள். பதின்மூன்று வருஷமும் விரதம், வயிறு சரியில்லை என்று சொல்லித் தப்பியவள் நான். போடு என்றேன். அவள் எதிரே இருந்து நான் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள், தான் சாப்பிடவில்லை.

தைப்பொங்கலுக்கு லீவு கிடைக்கும் என்று எழுதியிருக்கிறாய். இதைப் படித்த பிறகு வருவதும் வராததும் உன் விருப்பம். வந்தால் நேரே அவள் வீட்டுக்குப் போ. அங்கே சாப்பிட்டு முடித்த பிறகு, இங்கே வரலாமா என்று யோசி.

அம்மா